‘ஃபயர்வால் போட்டாச்சுங்க’ன்னா மிச்சப் பணத்தை நீட்டிடாதீங்க

திருப்பூர், ஈரோடு பக்கம் பிரிண்டிங், எம்பிராய்டரி யூனிட் வெச்சிருக்கறவங்களுக்கு. டிசைன் ஃபைலை வாட்ஸப்புல அனுப்பி அலுத்துப்போய் ‘சொந்த சர்வர்’ போட ஆள் தேடறீங்கன்னா, இதைச் சித்த படிச்சுட்டுப் போங்க. எங்களுக்குப் போட்டுக் கொடுத்தவர் வாங்கினது 38,000 ரூபாய். பழைய ஐ5 பொட்டி, 4 டிபி யுஎஸ்பி டிஸ்க், உபுண்டு, டாக்கர்ல (மென்பொருளை ‘கண்டெய்னர்’ங்கற தனித்தனி டப்பாவுல ஓட்டற கருவி) ‘ஃபைல் பிரவுசர்’, அதாவது பிரவுசர்லயே ஃபைலை ஏத்தி இறக்கற மென்பொருள். அந்த மென்பொருள் இலவசம்தான். கூலி வாங்கறது தப்பில்லை, வேலை சுத்தமா இருந்தா.

யூஎஃப்டபிள்யூ (உபுண்டுவோட ஃபயர்வால்) ஸ்கிரீன்ல, ஃபைல் பிரவுசர் ஓடற 8080 போர்ட்டை அடைச்சிருக்கறதைக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினார். செல்லுல வைஃபையை அணைச்சுட்டு, வெளி ஐபி போட்டு 8080 அடிச்சா லாகின் பக்கம் ஜம்முன்னு திறக்குது. பூட்டுக் குறி கூட இல்லை, வெறும் எச்டிடிபி. காரணம் இதுதானுங்க: டாக்கர் தான் திறக்கற போர்ட்டுக்கு ஐபிடேபிள்ஸ்ல (லினக்ஸ்ல அடியில இருக்கற ஃபயர்வால் விதிப் பட்டியல்) தானே விதி எழுதிக்கும். பாக்கெட் யூஎஃப்டபிள்யூ விதியைத் தொடாமலே கண்டெய்னருக்குள்ள போயிரும். கம்போஸ் ஃபைல்ல (டாக்கர் எதை எப்படி ஓட்டணும்னு எழுதி வைக்கற ஃபைல்) ‘8080:80’னு இருந்ததை ‘127.0.0.1:8080:80’னு மாத்தினா, அந்தப் பொட்டியைத் தாண்டி யாருக்கும் திறக்காது. வெளியில இருந்து திறக்கணும்னா, முன்னால ‘கேடி’ங்கற வெப் சர்வர் போட்டா பூட்டுக் குறிக்கான சர்டிஃபிகேட்டை அதே வாங்கிப் புதுப்பிச்சுக்கும். நம்மள மாதிரி பத்துப் பேர் பார்க்கற இடத்துக்கு டெயில்ஸ்கேலே (நம்ம செல், கம்ப்யூட்டரை மட்டும் இணைக்கற விபிஎன்) போதும்: 127-க்குப் பதிலா அது கொடுக்கற 100-ல ஆரம்பிக்கற முகவரி, ஆபீஸ் உள்ளுக்கு 192.168 முகவரியோட இன்னொரு வரி. ரூட்டர்ல போட்ட போர்ட் ஃபார்வர்டை மறக்காம அழிச்சிருங்க.

மாத்தி ஏத்தினதும் யூசர் எல்லாம் மாயம். யூசர் விவரம் இருக்கற டேட்டாபேஸ் ஃபைலுக்கு வால்யூமே (கண்டெய்னருக்கு வெளியில சேமிக்கற இடம்) கொடுக்கலை. கண்டெய்னரோட சேர்ந்து போச்சு. ஏத்தியிருந்ததும் பழைய வெர்ஷன், அதுல அட்மின், அட்மின்தான் யூசரும் பாஸ்வேர்டும். புதுசுல முதல் தடவை ஓடும்போது ஒரு பாஸ்வேர்டைத் தானே உருவாக்கி லாக்ல காட்டும். ஜாப் ஒர்க் பார்ட்டி ஒவ்வொருத்தருக்கும் தனி யூசர், தனி ஃபோல்டர் கொடுத்து, டெலீட் உரிமையை எடுத்துருங்க. இல்லாட்டி ஒரு பையரோட டிசைனை இன்னொருத்தர் சாவகாசமா பார்த்துட்டு இருப்பார்.

டிஸ்க் சங்கதிதான் பெரிய அக்கப்போர். கரண்ட் போய் வந்ததும் ஃபோல்டர் மொத்தமும் காலி. ‘டிஸ்க் போச்சுங்க, புதுசு வாங்கணும்’னு அடுத்த பில்லுக்கு அடி போட்டார். டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகலை. எஃப்எஸ்டேப்ல (பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எந்த ஃபோல்டர்ல இணைக்கணும், அதாவது மவுண்ட் பண்ணணும்னு சொல்ற ஃபைல்) டிஸ்க் பேரை எஸ்டிபி1-னு எழுதி வெச்சிருந்தார். மறுபடி பூட் ஆனப்ப அந்தப் பேர் எஸ்டிசி1 ஆயிருச்சு, மவுண்ட் ஆகலை. டாக்கருக்கு அது தெரியாது, பொட்டிக்குள்ள எஸ்எஸ்டி-ல இருக்கற வெத்து ஃபோல்டரைத் திறந்து காட்டிருச்சு. ரெண்டு நாள் ஏத்தின ஃபைல் அதுக்குள்ள போய் விழுந்துச்சு. இந்த நிலையில டிஸ்க்கை மவுண்ட் பண்ணினா அந்த ஃபைலெல்லாம் அடியில மறைஞ்சு கெடக்கும். முதல்ல வேற இடத்துக்கு நகர்த்திட்டு அப்புறம் மவுண்ட் பண்ணி, கண்டெய்னரை ரீஸ்டார்ட் பண்ணுங்க. எஃப்எஸ்டேப்ல பேருக்குப் பதிலா யுயுஐடி (பூட் ஆனாலும் மாறாத அடையாள எண்) போடணும். டிஸ்க் மவுண்ட் ஆகாதப்ப அந்த வெத்து ஃபோல்டருக்கு சிஹெச்ஏடிடிஆர் கட்டளையில ‘பிளஸ் ஐ’ கொடுத்துட்டா, அதுக்குள்ள ரூட் கூட எழுத முடியாது.

பேக்கப்புன்னு அவர் சொன்னது அதே டிஸ்க்குல இன்னொரு ஃபோல்டர்.

ஆளை முன்னால நிறுத்தி வெச்சு, வைஃபை அணைச்ச செல்லுல 8080 போட்டுப் பாருங்க. பிளக்கைப் புடுங்கி மாட்டி, ஃபைல் இருக்கான்னு பாருங்க. ரூட் பாஸ்வேர்டும் கம்போஸ் ஃபைலும் கைக்கு வந்தப்புறம் மிச்சத்தைக் கொடுங்க.