27 இன்ச் 4கே மானிட்டர், ஆறு மாசத்துக்கு அப்புறம்

வீட்ல இருந்தே தமிழ் புக்ஸுக்கு புரூஃப் பாக்குறேன், தினம் ஏழெட்டு மணி நேரம் ஸ்கிரீன் முன்னாடிதான். முன்னாடி இருந்ததும் 27 இன்ச்தான், ஆனா ஃபுல் எச்டி, அதாவது பிக்சல் (திரையில படத்தை உண்டாக்குற குட்டி கட்டம்) அகலவாக்குலயும் உயரவாக்குலயும் 4கேயில இருக்குறதுல பாதிதான். அதுல சின்ன எழுத்து வந்தா புள்ளியெல்லாம் சாம்பலா கரைஞ்சு போயிரும், "பல"வா "பல்"லானு தெரியாம ஜூம் பண்ணி ஜூம் பண்ணியே நாள் ஓடிரும். இந்த 4கே வந்த அன்னிக்கே அந்த தொல்லை போச்சு, ணகரத்தோட சுழியெல்லாம் அச்சடிச்ச மாதிரி நிக்குது. அவ்ளோ சந்தோஷம் எனக்கு.

கண்ணுக்கே தெரியாத பிக்சலுக்கு எதுக்கு காசுனு நிறைய பேர் கேட்டாங்க, நானும் ரொம்ப நாள் அப்டித்தான் நெனச்சிட்டு இருந்தேன். அப்புறம் கணக்கு போட்டு பாத்தேன். 6/6 பார்வை, அதாவது குறையில்லாத பார்வை இருந்தா ஒரு டிகிரியை 60 பங்கா போட்டு அதுல ஒரு பங்கு வரைக்கும் கண்ணு பிரிச்சு பாக்கும். 27 இன்ச் ஃபுல் எச்டியில ஒரு பிக்சல் சுமார் 0.31 மிமீ, அது மறையணும்னா மூன்றரை அடி தள்ளி உக்காரணும். 4கேன்னா அதுல பாதி, ஒன்றே முக்கால் அடி போதும். நான் உக்கார்றது ரெண்டடியில. இன்னொன்னு, சாஞ்ச கோட்டுலயும் வளைவுலயும் வர்ற படிக்கட்டு மாதிரி பிசிறை இந்த கணக்கை விட நுணுக்கமாவே கண்ணு பிடிச்சிரும், தமிழ் எழுத்துல பாதிக்கு மேல வளைவுதானே.

ஹாலுக்கு 43 இன்ச் டிவி பாக்குறவங்க மட்டும் 4கேங்கிற ஒரு காரணத்துக்காக காசு கூட்டி குடுக்காதீங்க, முதல்ல சோபாவுல இருந்து டேப் வச்சு அளந்துருங்க. எங்க வீட்ல ஒன்பது அடி வருது, அந்த சைஸ்ல ஆறடி தாண்டினாலே ஃபுல் எச்டி பிக்சலே தெரியாது. கடையில கைக்கெட்டுற தூரத்துல நின்னு பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க. கறுப்பு நல்ல கறுப்பா காட்டுற பேனலா பாத்து வாங்குங்க, அது எவ்ளோ தூரத்துல இருந்தாலும் தெரியும்.

மானிட்டர்ல குறைன்னா, ஸ்டாண்ட் மேல கீழ போகாது. விண்டோஸ்ல ஸ்கேலிங் (எழுத்தையும் மெனுவையும் பெருசாக்குற செட்டிங்) 150% வச்சே ஆகணும், இல்லேன்னா மெனுவெல்லாம் எறும்பு சைஸ்ல இருக்கும். என் பழைய லேப்டாப்ல இருக்குற எச்டிஎம்ஐ 1.4ங்கிற பழைய போர்ட்ல (மானிட்டர் கேபிள் சொருகுற இடம்) 4கேக்கு 30 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 30 படம்தான் வந்துச்சு, மவுஸ் தத்தி தத்தி போகும், டிஸ்ப்ளே போர்ட்டுக்கு மாத்தினதும்தான் 60 கிடைச்சது. ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி உங்க லேப்டாப்ல என்ன போர்ட் இருக்குனு ஒருதடவை பாத்துக்கோங்க.