லாக் விதிகள்: மனப்பாடமா, அடுக்குக்குறியா, மூன்று எண்களா?

ஒரு எண்ணைப் பெற 10-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்த வேண்டுமோ, அந்த அடுக்குதான் இங்கே அந்த எண்ணின் மடக்கை, அதாவது லாக். மடக்கை விதிகளைக் கற்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. விதிகளை அப்படியே மனப்பாடம் செய்வது ஒன்று. அடுக்குக்குறியிலிருந்து வருவிப்பது இன்னொன்று. லாக் 2 = 0.3010, லாக் 3 = 0.4771, லாக் 7 = 0.8451 என்ற மூன்று மதிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, கணக்குப் போட்டுப் போட்டே விதிகளைப் பிடிப்பது மூன்றாவது. தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது மூன்றாவதைத்தான்.

மனப்பாடத்தில் வேகம் உண்டு. நாளைக்குப் பரீட்சை என்றால் அதுதான் கைகொடுக்கும். ஆனால் விதி எங்கே செல்லாது என்பதை அது சொல்லித் தராது. லாக் (2 + 3) என்பதை லாக் 2 + லாக் 3 என்று பிரித்து எழுதுவதும், லாக் 8 ÷ லாக் 2 என்பதை லாக் 4 என்று சுருக்குவதும் விடைத்தாள்களில் சலிக்காமல் வருகிற தப்புகள். எழுதுகிறவருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை.

மூன்று எண்கள் கையில் இருந்தால் சந்தேகம் தானாக வரும். 10-ஐ 2-ஆல் வகுத்தால் 5; ஆகவே லாக் 5 = லாக் 10 − லாக் 2 = 1 − 0.3010 = 0.6990. லாக் 2, லாக் 3 இரண்டையும் கூட்டினால் 0.7781. அது 5-க்கு உரியதல்ல, 6-க்கு உரியது என்று அங்கேயே தெரிந்துவிடும். அதேபோல லாக் 8-ஆன 0.9030-ஐ லாக் 2-ஆன 0.3010-ஆல் வகுத்தால் 3 வரும். லாக் 4-ஓ 0.6020. இப்படியே 1 முதல் 10 வரை எல்லா லாக் மதிப்புகளையும் ஒரு தாளில் எழுதி முடித்துவிடலாம். அப்புறம் 2¹⁰⁰-க்கு எத்தனை இலக்கங்கள் என்று கேட்டுப் பாருங்கள்: 100 × 0.3010 = 30.10, அதாவது 31 இலக்கங்கள். அடுக்கு விதியின் (லாக் 2¹⁰⁰ = 100 × லாக் 2) பலம் அந்த ஒரு வரியில் புரிந்துவிடும். வேதியியலிலும் இதே எண்தான்: ஹைட்ரஜன் அயனிச் செறிவு லிட்டருக்கு 2 × 10⁻⁴ மோல் என்றால், அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் (அந்தச் செறிவின் லாக்குக்கு எதிர்க்குறி) 4 − 0.3010, சுமார் 3.7.

வரலாறும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. கணித அறிஞர் நேப்பியர் 1614-இல் மடக்கையை வெளியிட்டபோது, இன்று நாம் அடுக்குக்குறி எழுதும் முறை வழக்கத்துக்கே வரவில்லை. இன்னொரு கணித அறிஞர் பிரிக்ஸ் 1617-இல் 10-ஐ அடிமானமாக (அடுக்குக்கு உயர்த்தப்படும் எண்ணாக) வைத்து அட்டவணை போட்டார். பெரிய பெருக்கல்களைக் கூட்டலாக மாற்றத்தான் அதை எடுத்தார்கள். கணித அறிஞர் ஆய்லர் மடக்கையை அடுக்குக்குறியாகவே வரையறுத்தது 1748-இல்.

அதற்காக அடுக்குக்குறி வழியை ஒதுக்கிவிட முடியாது. ‘ஏன்’ என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது: 10² × 10³ = 10⁵ என்பதில் அடுக்குகள் கூடுகின்றன, லாக் என்பது அந்த அடுக்குதான். தொடக்கத்திலேயே இதில் இறங்கினால் 10-இன் அடுக்கு 0.3010 என்றால் என்ன என்று பலர் திணறுவார்கள்; எண்களோடு கொஞ்சம் பழகிய பிறகு அந்தத் திணறல் குறையும்.

சமன்பாடுகளுக்கு வந்துவிட்டால் மூன்று எண்கள் போதாது. லாக் க + லாக் (க − 3) = 1 என்பதைப் பெருக்கல் விதியால் (இரு லாக்குகளின் கூட்டல், அந்த எண்களின் பெருக்கலுக்கு உரிய லாக்) சுருக்கினால் க(க − 3) = 10; க = 5 அல்லது −2. மனப்பாடக்காரர் இரண்டையும் எழுதிவிட்டு வருவார். 10-ஐ எந்த மெய்யெண் அடுக்குக்கு உயர்த்தினாலும் மிகை எண்தான் வரும், ஆகவே −2-க்கு மெய்யெண்களில் லாக் இல்லை என்று தெரிந்தவர் 5-ஐ மட்டும் எழுதுவார்.