பழைய வீட்டை இடிக்க மாநகராட்சி அனுமதி: அலைச்சல் உண்டு, ஆனால் விட்டுவிடாதீர்கள்

மேற்கு மாம்பலத்தில் தாத்தா கட்டிய வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் புதிதாகக் கட்டுகிறோம். கட்டுவதற்கான பிளான் அனுமதி பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இடிப்பதற்கென்று சென்னை மாநகராட்சியிடம் தனியாக ஓர் அனுமதி வாங்க வேண்டும் என்பதோ எங்கள் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. அதை வாங்கி முடித்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வெறும் முத்திரைக் காகிதம் என்று நினைத்து யாரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

முதலில் வந்த இடிப்புக் கான்ட்ராக்டர் அப்படித் தாண்டச் சொன்னவர்தான். "பழைய வீட்டுக்கெல்லாம் யாரு மேடம் பர்மிஷன் வாங்குறாங்க? ஞாயித்துக்கிழமை ஜேசிபி விட்டா சாயங்காலத்துக்குள்ள தரைமட்டம்" என்றார். அவருடைய கண்ணெல்லாம் தேக்கு உத்திரத்திலும் கதவு, ஜன்னல்களிலும் இருந்தது. பழைய வீட்டு மரத்துக்கும் கம்பிக்கும் செங்கல்லுக்கும் நல்ல விலை உண்டு. அதைக் கழித்துக்கொண்டுதான் இடிப்புக் கூலியே பேசுவார்கள். மரம் நிறைய இருந்தால் நமக்கே பணம் தருபவர்களும் உண்டு. பேரத்தில் அவர் தாராளமாகத்தான் இருந்தார். ஆனாலும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம். அடுத்து வந்தவர், "பர்மிஷன் காப்பி குடுங்க, அப்புறம் தேதி சொல்றேன்" என்றார். வேலையை அவருக்கே கொடுத்தோம்.

விண்ணப்பத்தைப் பதிவுபெற்ற பொறியாளர் மூலம் போட்டோம். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, கட்டடத்தின் புகைப்படங்கள், எங்கள் உறுதிமொழி எல்லாம் சேர்த்தோம். இதில் நேரத்தைத் தின்றது பெயர்ப் பொருத்தம்தான். வரி ரசீதில் இன்னும் தாத்தா பெயர், பட்டாவில் அப்பா பெயர், பத்திரத்தில் பழைய கதவு எண், ரசீதில் புதிய எண். சென்னையில் பழைய வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தக் கதை இருக்கும். வாரிசுச் சான்றிதழை எடுத்து, அண்ணனும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, பெயர் மாற்றத்தை முடித்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. எப்படியும் புதிய வீட்டுக்கு இதையெல்லாம் சரிசெய்தே ஆக வேண்டும் என்பதால் எனக்கு இதில் வருத்தமில்லை. இடிக்கும் யோசனை இருந்தால் பெயர் மாற்றத்தை இன்றைக்கே தொடங்குங்கள்.

வீட்டைப் பார்க்க வந்த உதவிப் பொறியாளரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் வீட்டின் கீழ்த்தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சிறிய செங்கல்லைச் சாய்வாகச் சுண்ணாம்பில் அடுக்கி, செங்கல் ஜல்லிக் காரை கொட்டி, மேலே தட்டை ஓடு பதித்த கூரை. அந்த மரக்கட்டைகளின் ஒரு முனை பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரில் உட்கார்ந்திருந்தது. அவர் அதைக் கண்டுபிடித்து, இயந்திரத்தால் இழுத்தால் பக்கத்துச் சுவரும் ஆடும் என்று சொன்னார். மேலிருந்து கீழாக, ஒவ்வொரு அடுக்காகக் கையாலேயே பிரிக்க வேண்டும், பொதுச் சுவரைக் கடைசியில்தான் தொட வேண்டும் என்றார். பக்கத்து வீட்டு மாமிக்கு எண்பதை நெருங்கும் வயது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவருடைய படுக்கை. ஞாயிற்றுக்கிழமை ஜேசிபி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது.

நான் மிகையாகப் பேசவில்லை. 2023 ஜனவரியில் அண்ணா சாலையில், ஆயிரம் விளக்கு அருகே, இடித்துக்கொண்டிருந்த கட்டடத்தின் சுவர் நடைபாதையில் விழுந்தது. அந்த வழியாக நடந்துபோன ஐடி ஊழியரான ஓர் இளம்பெண் இறந்துபோனார். எங்கள் வீட்டு முன்சுவரும் தெருவை ஒட்டியதுதான். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை உரசிக்கொண்டு போவார்கள். அதனால் தகரத் தடுப்பும் பச்சை வலையும் கட்டி முடிக்கும் வரை ஒரு செங்கல்லைக்கூட எடுக்க விடவில்லை. கான்ட்ராக்டர் செலவுக் கணக்கில் இவற்றைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாதியில் காணாமல் போகும்.

அடுத்தது இணைப்புகள். மின்சாரத்தை நிரந்தரமாகத் துண்டிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்து, மீட்டரை எடுத்த பிறகே ஆட்கள் உள்ளே போக வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்தால் போதும் என்பவர்களை நம்பாதீர்கள், கம்பத்திலிருந்து வரும் ஒயரில் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். குடிநீர் வாரியத்தில் சொல்லிக் கழிவுநீர்க் குழாயையும் அடைக்க வேண்டும். அடைக்காமல் இடித்தால் காரையும் மண்ணும் தெருச் சாக்கடைக்குள் இறங்கி, அடுத்த மழைக்குத் தெருவே அவதிப்படும்.

இடிபாடுகள் எங்கே போகின்றன என்பதையும் விடாமல் கேளுங்கள். கட்டட இடிபாடுகளுக்கென்று பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மாநகராட்சியின் பதப்படுத்தும் மையங்கள் இருக்கின்றன. அங்கே அவற்றை அரைத்து, மணலாகவும் ஜல்லியாகவும் மாற்றுகிறார்கள். ஆனால் டீசலை மிச்சம் பிடிக்க, இரவோடு இரவாக ஏதாவது ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போகும் லாரிகளும் உண்டு. பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. அதன் விளிம்பில் என் தாத்தா வீட்டுச் செங்கல் கிடப்பதை என்னால் ஏற்க முடியாது. ஒவ்வொரு லோடுக்கும் ரசீது காட்டினால்தான் பணம் என்று முன்பே எழுதி வாங்கிக்கொண்டோம். கான்ட்ராக்டர் முதலில் முனகினார், அப்புறம் ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்தார்.

மொத்தத்தில் அனுமதிக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். கட்டணம் ஒரு பொருட்டே இல்லை; செலவென்றால் பொறியாளர் கூலியும் தடுப்புச் செலவும்தான். இடித்து முடித்ததும் படங்களோடு வருவாய்ப் பிரிவில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் இல்லாத கட்டடத்துக்கு அரையாண்டுக்கு அரையாண்டு சொத்து வரி ஏறிக்கொண்டே போகும். எழுதிக் கொடுத்தால் காலிமனை வரிக்கு மாற்றிக் கொள்ளலாம். மின் இணைப்புக்குக் கட்டிய வைப்புத்தொகையும் திரும்பக் கிடைக்கும், அதையும் கேட்டு வாங்குங்கள்.