குதிரைக்குட்டி ஏற்றி அனுப்புகிறீர்களா? நடுவழியில் வண்டி மாற்றுகிறார்கள், உஷார்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் குதிரை ஏற்ற வண்டி தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் போடுங்கள். படத்தில் காட்டுகிற வண்டிதான் ஏற்றவும் வரும். ஏற்றும்போது எந்தக் குறையும் சொல்ல முடியாது. இறங்கும்போதுதான் வேறொரு வண்டி வாசலில் நிற்கும். வளர்ந்த குதிரை என்றால் நாலு சிராய்ப்போடு போயிருக்கும். எங்களுடையது பால் குடிக்கிற மூன்று வாரக் குட்டியும் தாயும்.

போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் பார்த்துப் பேசி முடித்த பெட்டைக் குதிரை. செவலை நிறம், மார்வாரி இனம், அப்போது நாலு மாதச் சினை. சந்தையில் சுழி (உடம்பில் முடி சுழன்றிருக்கும் இடம்) பார்ப்பதற்கு அரை நாள் செலவழிப்பார்கள். வாங்கியதை எதில் ஏற்றிக்கொண்டு போவது என்பதைப் பற்றிக் கடைசிப் பத்து நிமிடத்தில் பேசுவார்கள். விற்ற பெரியவர் அப்படிப்பட்டவர் இல்லை. “தம்பி, சினையில அலைய வேண்டாமுங்க. இங்கயே ஈனட்டும், குட்டி கால் ஊனுனதும் கூட்டிக்குங்க” என்றார். தீவனச் செலவு எங்களுடையது, பார்த்துக்கொள்வது அவருடையது என்று ஒப்பந்தம். மாசியில் நல்லபடியாக ஈன்றது. ஆண் குட்டி. ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்று, அடுத்த மணிக்குள் மடி பிடித்துவிட்டது என்று பெரியவர் போன் செய்தார்.

அவசரப்படவில்லை. சீம்பால் சரியாக உள்ளே போயிருக்க வேண்டும், தொப்புள் காய்ந்திருக்க வேண்டும், தாய் ஓடினால் குட்டி பின்னாலேயே ஓட வேண்டும், அதற்குப் பிறகுதான் பயணம் என்று கால்நடை டாக்டர் சொன்னார். ஈன்ற ஒன்பதாம் நாளே பெட்டையைப் பொலிக்கு, அதாவது இனச்சேர்க்கைக்கு, ஏற்றிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், குட்டியும் கூடவே அலையும். எங்களுக்கு அந்தத் தேவை இல்லை. பெரியவர் தோட்டத்துக் குத்தகை முடிகிறது என்பதால்தான் பங்குனியில் பொள்ளாச்சிக்கு எடுத்தோம்.

வண்டி தேடியபோது தெரிந்தவர் மூலமாக ஓர் ஏஜென்ட் வந்தார். பெயர் வேண்டாம். அனுப்பிய படம் அருமை: மூடிய நீல நிற டிரெய்லர், உள்ளே சுற்றிலும் ரப்பர் மெத்தை, பின்னால் இறங்குபலகை, மேலே காற்றுக்கு ஜன்னல். “ரேஸ் குதிரையெல்லாம் நாங்கதான் சார் ஏத்துறோம்” என்றார். பேசியது 14,000 ரூபாய். தாயும் குட்டியும் மட்டும், வேறு லோடு கிடையாது, குதிரை தெரிந்த ஆள் ஒருவர் பின்னால் கூடவே வருவார், மணிக்கு ஒரு தடவை நிறுத்திக் குட்டிக்குப் பால் குடிக்க நேரம் கொடுப்பார்கள். அத்தனையும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கினோம், வண்டி நம்பரோடு. அட்வான்ஸ் 6,000 ஜிபேயில் போனது.

விடியற்காலை ஏற்றியதைப் பெரியவர் வீடியோ எடுத்து அனுப்பினார். குட்டியோடு குதிரை ஏற்றுவது எப்படி என்று யாராவது கேட்டால் இன்னமும் அதைத்தான் காட்டுவேன். நடுத்தடுப்பைக் கழற்றி டிரெய்லர் முழுவதையும் ஒரே அறையாக ஆக்கியிருந்தார்கள். ரப்பர் விரிப்பின் மேல் கணுக்கால் அளவு வைக்கோல். பெட்டையைப் பலகையில் ஏற்றும்போதே குட்டியைப் பக்கவாட்டில் இரண்டு பேர் அணைத்துக் கூட்டி வந்தார்கள். ஒருவர் கை மார்புக்கு முன்னால், இன்னொருவர் கை புட்டத்துக்குப் பின்னால். கழுத்தில் கயிறு கிடையாது, இழுப்பு கிடையாது. தாயின் கண்ணில் குட்டி ஒரு கணம்கூட மறையவில்லை. மறைந்திருந்தால் அது பலகையிலேயே திரும்பியிருக்கும். உள்ளே பெட்டையை மட்டும், தலையைத் தாழ்த்தித் திருப்பிக் குட்டியை முகர முடிகிற அளவு கயிறு விட்டு, இழுத்தால் அவிழும் முடிச்சில் கட்டினார்கள். குட்டியைக் கட்டவே இல்லை. குட்டியைக் கட்டக் கூடாது என்பதுதான் இதில் முதல் விஷயம். வண்டி குலுங்கும்போது விழும், விழுந்தால் கயிறு கழுத்தை இறுக்கும். அவிழ்த்து விட்டிருந்தால் தாயின் வயிற்றில் சாய்ந்து நிற்கும், களைத்தால் படுக்கும், பசித்தால் குடிக்கும். கடைசியில் பின்கதவின் மேல்பாதியையும் சாத்தினார்கள். மேலே திறந்திருந்தால் இந்த வயதுக் குட்டி எகிறிக் குதிக்கப் பார்க்கும்.

கிளம்பும்போது பெரியவர் டிரைவரிடம் சொன்னதும் வீடியோவில் இருக்கிறது: “கண்ணு, மெதுவாப் போ. பிரேக்க மிதிக்கறதுக்கு முன்ன பின்னால நிக்கறதுங்கள நெனச்சுக்க.”

பவானி தாண்டி, பெருந்துறை வரை லைவ் லொகேஷன் ஒழுங்காக நகர்ந்தது. அதற்குப் பிறகு பைபாஸ் ஓரம் ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. பால் குடிக்கத்தான் நிறுத்தியிருக்கிறார்கள் என்று முதலில் சந்தோஷப்பட்டோம். அப்புறம் லொகேஷன் அணைந்தது. டிரைவர் போன் ஸ்விட்ச் ஆஃப். ஏஜென்ட் எடுத்து, “டயர் பஞ்சர் சார், வந்துட்டே இருக்கு” என்றார். பத்து மணிக்கு வர வேண்டியது, உச்சி வெயில் தாழ்ந்த பிறகு வந்தது.

வாசலில் வந்து நின்றது திறந்த பிக்கப். மேலே பாதிக்குத் தார்ப்பாய். உள்ளே எங்கள் பெட்டை, அதை ஒட்டியே நடுவில் ஒரே ஒரு மூங்கில் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மட்டக்குதிரை, அதுவும் காயடிக்காத பொலிக்குதிரை. குட்டி மூலையில், நைலான் கயிற்றால் கழுத்தோடு பக்கக் கம்பியில் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கூட வருவதாகச் சொன்ன குதிரை தெரிந்த ஆள் இல்லை. டிரைவர் மட்டும். தரையில் இரும்புத் தகடு, அதன் மேல் ஒரு கைப்பிடி வைக்கோல், அதுவும் மூத்திரத்தில் வழுக்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கயிற்றின் நீளத்துக்குக் குட்டியின் வாய் தாயின் மடிக்கு எட்டாது. இதைச் சொல்ல டாக்டர் தேவைப்படவில்லை. மடி கல்லாகக் கட்டியிருந்தது. காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டி, பின்னங்கால் இரண்டிலும் வெள்ளைக் கோடாகக் காய்ந்திருந்தது. இந்த வயதுக் குட்டி மணிக்கு மூன்று நான்கு தடவையாவது குடிக்கும். ஒரு நாளைக்குத் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் பால் இறங்கும். அதற்கு வேறு சேமிப்பு கிடையாது. வெயிலில் சில மணி நேரம் பால் இல்லாவிட்டாலே உடம்பு வற்றிவிடும். கயிற்றை அறுத்துவிட்டதும் தள்ளாடித் தாயிடம் போய் மடிக்கடியில் தலையைக் கொடுத்தது, ஆனால் உறிஞ்சவில்லை. பால் அதன் நெற்றியில் வழிந்தது. குட்டியின் நெற்றி பாலில் நனைந்திருந்தால் அது குடிக்கவில்லை என்று அர்த்தம், உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டிய அறிகுறி என்று பிற்பாடு டாக்டரும் சொன்னார்.

இறக்கப் பலகையும் கிடையாது. “குதிக்க வெச்சுடலாமுங்க” என்றார் டிரைவர். வண்டியைப் பின்னால் எடுத்து வாய்க்கால் மேட்டோடு ஒட்டி நிறுத்தி, இடைவெளியில் மண் மூட்டை அடுக்கி இறக்கினோம். அப்படியும் பெட்டைக்கு முன்னங்காலில் தோல் பெயர்ந்தது. வழியெல்லாம் அந்தப் பொலியைப் பார்த்து உதைத்துக்கொண்டே வந்திருக்கிறது. தடுப்பு மூங்கில் பிளந்து கிடந்தது. அந்த உதை ஒன்று குட்டி மேல் விழாதது எங்கள் பாக்கியம்.

டாக்டர் வந்து குட்டியின் பல் ஈறைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்து விரலில் ஒட்டியது. கண் உள்ளே போயிருந்தது. தாயிடம் பாலைக் கறந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஊட்டினார், நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். இருட்டிய பிறகுதான் குட்டி தானாக மடியைப் பிடித்தது. கழுத்தில் கயிறு தேய்ந்த இடத்தில் முடி இன்னும் முளைக்கவில்லை. மற்றபடி இப்போது தோட்டத்து நாய்களைத் துரத்துகிற அளவுக்குத் தேறிவிட்டது.

பிக்கப் டிரைவரைத் திட்ட மனம் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு அவரே சொன்னார்: “பெருந்துறை குடோனுக்கு வந்து ஏத்திக்கச் சொன்னாங்கண்ணா. பெரிய குதிரை ரெண்டுன்னுதான் சொன்னாங்க. குட்டி இருக்கறதே எனக்கு அங்க வந்துதான் தெரியும். உழுந்துறப் போவுதுன்னு நாந்தாங்க கட்டுனேன்.” டிரெய்லர் அங்கிருந்து கோவையில் ஒரு கல்யாண ஊர்வலக் குதிரைக்குப் போயிருக்கிறது. அதில் வாடகை அதிகம். ஒரே டிரெய்லரை வைத்துக்கொண்டு ஒரே காலையில் இரண்டு பேரிடம் அந்த டிரெய்லருக்கான காசை வாங்குவதுதான் தொழில். பெருந்துறை குடோன் அதற்கான மாற்றுமிடம்.

ஏஜென்ட்டிடம் கேட்டதற்கு வந்த பதில்: “குட்டி உசுரோடதானே சார் வந்து சேந்துது?” அதோடு மீதி 8,000, வெயிட்டிங் 1,500. பிக்கப்காரருக்கு டீசல் காசை நேரில் கொடுத்தனுப்பிவிட்டு ஏஜென்ட்டுக்கு நிறுத்திவிட்டோம். அன்றிரவே மூன்று வெவ்வேறு நம்பரிலிருந்து மிரட்டல்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், நாங்கள் எழுதி வாங்கியதில் பாதி ஏற்கெனவே கட்டாயமாகவே இருக்கிறது. விலங்குகள் போக்குவரத்து விதிகள் 1978-இல் குதிரைக்கென்று தனி அத்தியாயம் உண்டு. பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் சான்றிதழ் வேண்டும், அது இல்லாவிட்டால் ஏற்றவே மறுக்க வேண்டும். சினையையும் குட்டியையும் மற்ற விலங்குகளோடு கலந்து ஏற்றக் கூடாது. சாதாரண லாரி என்றால் தரையில் வழுக்காத விரிப்பு போட வேண்டும், ஒவ்வொரு குதிரைக்கும் நடுவில் 8 செ.மீ. விட்டத்துக்குக் குறையாத மூங்கில் கட்ட வேண்டும். எதிரே வரும் வண்டிகளைப் பார்த்து மிரளாமல் இருக்கத் தலை இடப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். கூட ஓர் ஆள் கட்டாயம். வேகம் மணிக்கு 35 கி.மீ.க்கு மேல் கூடாது. அவிநாசி ரோட்டில் 35-இல் போனால் பின்னால் வருகிற பஸ்காரர் நம்மைச் சும்மா விட மாட்டார் என்பது வேறு கதை. எங்கள் சான்றிதழில் இருந்தது ஒரு பெட்டை, ஒரு குட்டி. வண்டியில் வந்தது மூன்று உயிர். வழியில் போலீஸ் நிறுத்தியிருந்தால் பதில் சொல்ல வேண்டியது யார்?

ஆகவே, குட்டியோடு அனுப்புகிறவர்கள் உங்கள் ஆள் ஒருவரை வண்டியிலேயே அனுப்புங்கள். அது முடியாது என்று ஏஜென்ட் சொன்னால் அந்த வண்டியே வேண்டாம். எங்களிடம் “இன்சூரன்ஸ் ஒத்துக்காது சார்” என்றார்கள். ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பது பெருந்துறையில் விளங்கியது. “வழியில் வண்டி மாற்றினால் வாடகை கிடையாது” என்று ஒரு வரியைத் தனியாக எழுதி வாங்குங்கள். நாங்கள் வாங்கியதில் வண்டி நம்பர் இருந்தது, அந்த வரி இல்லாததைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது வாதாடுகிறார்கள். தாய்க்கு மயக்க ஊசி போட்டு ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் டாக்டரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். மயக்கத்தில் தாய் சரிந்தால் குட்டி அடியில் மாட்டும். வழியில் ஏதாவது ஆனால் 1962-க்கு அடியுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தோம். அதற்கு ஏஜென்ட் தரப்பு பதில் தராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. பெரியவரின் வீடியோ, இறக்கும்போது நாங்கள் எடுத்த வீடியோ, லொகேஷன் நின்ற இடத்தின் ஸ்கிரீன்ஷாட், டாக்டர் பில் எல்லாம் சேர்த்தாயிற்று. சாட்சி சொல்ல வருகிறேன் என்று பிக்கப் டிரைவரே ஒத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த நீல டிரெய்லர் படம் இன்னமும் விளம்பரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னணியில் தென்னந்தோப்பு, பலகையில் ஒரு வெள்ளைக் குதிரை. உங்களுக்கு அது வந்தால் அட்வான்ஸுக்கு முன்னால் அந்த வண்டியின் ஆர்சி நகலையும், உங்கள் தேதிக்கு அதற்கு வேறு புக்கிங் இல்லை என்று ஒரு வரியையும் கேட்டுப் பாருங்கள். நாங்கள் கேட்ட ஆர்சி இன்றுவரை வரவில்லை.