ஆறு இலையுதிர்காலங்களாக மசாலா ஆப்பிள் மஃபின்: இதுவரை கண்டறிந்தவை

மசாலா ஆப்பிள் மஃபினை ஆறு இலையுதிர்காலங்களாக வீட்டில் செய்துவருகிறேன். புது ஆப்பிள் வரத் தொடங்கியதும் வாரத்துக்கு ஒரு முறை, விருந்தினர் வந்தால் இரண்டு முறை. ஒவ்வொரு தடவையும் என்ன போட்டேன், எப்படி வந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. எழுபது பதிவுகளைத் தாண்டிவிட்டது. முதல் இரண்டு ஆண்டுப் பக்கங்களைப் புரட்டினால் திரும்பத் திரும்ப ஒரே புலம்பல்தான்: "மேலே பொன்னிறம், உள்ளே களி." அதற்காக ஓவனைக் குறை சொன்னேன், மாவை மாற்றினேன், பேக்கிங் பவுடரைப் புதிதாக வாங்கினேன். மூன்றாம் ஆண்டில்தான் காரணம் பிடிபட்டது. ஆப்பிளில் ஏறக்குறைய 85 சதவீதம் தண்ணீர். 300 கிராம் ஆப்பிளைக் கலவையில் சேர்த்தால், கூடவே கால் லிட்டர் தண்ணீரும் உள்ளே போகிறது. அந்தத் தண்ணீரை என்ன செய்கிறோம் என்பதை வைத்துத்தான் இந்த மஃபின் நன்றாக வருவதும் கெடுவதும்.

முதல் ஆண்டு ஆப்பிளைத் துருவிப் போட்டேன். துருவும்போதே சாறு வழிய ஆரம்பித்துவிடும். ஓவனில் வைத்ததும் அது அடியில் இறங்கி, மஃபினின் கீழ்ப்பகுதியில் விரற்கடை அளவுக்கு வேகாத மாவு போன்ற ஈரக் கோடு ஒன்றை விட்டுவிடும். இரண்டாம் ஆண்டு, துருவலைத் துணியில் கட்டிப் பிழிந்துவிட்டுச் சேர்த்தேன். மஃபின் நன்றாக எழும்பியது, ஆனால் ஆப்பிளின் சுவையே இல்லை. புளிப்பும் வாசமும் சாற்றோடு போய்விட்டன, நாரை மட்டும் நாங்கள் தின்றுகொண்டிருந்தோம். அந்த ஆண்டு எத்தனை கோப்பைச் சாற்றைக் கொட்டியிருப்பேன் என்று நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

இப்போது செய்யும் முறைக்கு மூன்றாம் ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்தேன், அதன் பிறகு மாற்றவே இல்லை. இரண்டு நடுத்தர ஆப்பிள்களைத் தோல் சீவி, சுண்டுவிரல் நக அளவுக்குத் துண்டு போடுகிறேன். செய்முறைக்கான பழுப்புச் சர்க்கரையிலிருந்து மூன்று மேசைக்கரண்டி எடுத்து அதில் பிசிறி, முக்கால் மணி நேரம் விட்டுவிடுகிறேன். சர்க்கரை சாற்றை வெளியே இழுத்துவிடும். துண்டுகள் சற்றே துவண்டு, பாத்திரத்தின் அடியில் வெல்ல நிறத்தில் சாறு தேங்கி நிற்கும். அதை வடித்துச் சின்ன வாணலியில் ஊற்றி, ஒரு கரண்டி வெண்ணெயும் மசாலாப் பொடிகளும் சேர்த்து மிதமான தீயில் வற்றவிட வேண்டும்.

இந்த இடத்தில் அடுப்பை விட்டு நகரக் கூடாது. முதலில் சாறு தண்ணீர் போலச் சலசலவென்று கொதிக்கும், குமிழ்கள் சின்னதாக, அவசர அவசரமாக வரும். மூன்று நான்கு நிமிடத்தில் அந்த ஓசை தணிந்துவிடும். குமிழ்கள் பெரிதாகி, சோம்பலாக எழுந்து மெதுவாக உடையும். கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுத்தால், கோடு ஒரு நொடி அப்படியே நின்று பிறகு மூடிக்கொள்ளும். அப்போது இறக்கிவிட வேண்டும். கால் கப் சாறு இரண்டு மேசைக்கரண்டிப் பாகாகச் சுருங்கியிருக்கும். இன்னும் அரை நிமிடம் விட்டால் ஆறியதும் மிட்டாய் போல இறுகிக் கலவையில் கரையாது. அந்தப் பாகை ஆறவைத்து, முட்டை, எண்ணெயோடு சேர்த்துவிடுகிறேன். தண்ணீர் மட்டும் போய், ஆப்பிளின் புளிப்பும் இனிப்பும் முழுவதும் மஃபினுக்குள் திரும்பி வருகின்றன. மசாலாவின் மணம் கொழுப்பில் நன்றாகக் கரையும் என்பதால் வெண்ணெயில் சூடாகும் அந்த நான்கு நிமிடத்தில் பட்டையின் வாசம் வீட்டுக் கடைசி அறை வரைக்கும் போய்விடும்.

எந்த ஆப்பிள் என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. புளிப்பும் உறுதியும் உள்ள பழம் வேண்டும். நான் நம்பி எடுப்பது கிரானி ஸ்மித். 1868-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் மரியா ஆன் ஸ்மித் என்ற மூதாட்டியின் நிலத்தில் தானாக முளைத்த நாற்றிலிருந்து பரவிய வகை இது. வெந்த பிறகும் துண்டு துண்டாகவே இருக்கும், கடிக்கும்போது புளிப்பு தனியாகத் தெரியும். 1991-இல் மினசோட்டா பல்கலைக்கழகம் வெளியிட்ட ஹனிகிரிஸ்ப்பும் வடிவம் கெடாது, ஆனால் சாறு அதிகம் விடும், வற்றவைக்க இன்னும் சற்று நேரம் பிடிக்கும். ரெட் டெலிஷியஸை மட்டும் வாங்காதீர்கள். பார்க்க அழகான பழம், வெந்தால் மாவாகக் கரைந்துவிடுகிறது. புளிப்பு ஒன்றும் இனிப்பு ஒன்றுமாகக் கலந்து போட்டபோது எனக்கு மிக நல்ல பலன் கிடைத்தது. நறுக்கிய துண்டுகள் பழுப்பேறிக் கறுத்தால் பதற வேண்டாம். பட்டைப் பொடி சேர்ந்த பிறகு அந்த நிறம் யார் கண்ணுக்கும் படாது.

மசாலாவில் இரண்டு தேக்கரண்டி பட்டைப் பொடி, அரைத் தேக்கரண்டி சுக்குப் பொடி, கால் தேக்கரண்டி ஜாதிக்காய், இரண்டு ஏலக்காயின் விதைகள், ஒரே ஒரு சிட்டிகை கிராம்புப் பொடி. கிராம்பில் கை தாராளமாக இருந்தால் மற்ற எல்லா வாசமும் அடங்கிவிடும், நாக்கும் மரத்துப்போகும். முதல் ஆண்டில் அரைத் தேக்கரண்டி போட்ட ஒரு தடவையை வீட்டில் இன்னும் யாரும் மறக்கவில்லை. ஜாதிக்காயை முழுதாக வாங்கி அப்போதைக்கப்போது துருவுங்கள். பொடியாக வாங்கியது சில மாதங்களில் மரத்தூள் போல ஆகிவிடுகிறது. பட்டையில் இரண்டு வகை உண்டு. தடித்த, முரட்டுச் சுருளாக இருக்கும் காசியா வகை காரமும் அழுத்தமும் உள்ளது. மெல்லிய ஏடுகளாகச் சுருண்டிருக்கும் இலங்கைப் பட்டை மென்மையான இனிப்பு வாசம் தரும். சுவைக்காக மட்டும் என்றால் எனக்குக் காசியாதான் பிடிக்கும், ஓவன் சூட்டையும் தாண்டி அதன் வாசம் நிற்கிறது. ஆனால் காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம், அளவு மீறினால் ஈரலுக்கு ஆகாது. வாராவாரம் செய்து குழந்தைகளுக்கும் கொடுக்கும் வீட்டில் இலங்கைப் பட்டையே ஏற்றது என்று முடிவு செய்து, மூன்று ஆண்டுகளாக அதையே பயன்படுத்துகிறேன். வாசம் சற்றுக் குறைவதால் அரைத் தேக்கரண்டி கூட்டிக்கொள்கிறேன்.

மற்ற அளவுகள் 12 மஃபினுக்கு: மைதா 250 கிராம், பழுப்புச் சர்க்கரை மொத்தம் 150 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, பேக்கிங் சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, முட்டை இரண்டு, எண்ணெய் 100 மில்லி, தயிர் 180 கிராம். தயிரின் புளிப்பும் பழுப்புச் சர்க்கரையின் லேசான அமிலமும் சோடாவுக்கு வேலை கொடுக்கும். முழுவதும் வெண்ணெய் போட்டும் செய்திருக்கிறேன், சூடாக இருக்கும்போது அதற்கு ஈடு இல்லை. ஆனால் ஆறியதும் வெண்ணெய் உறைந்து மஃபின் இறுகிவிடும். எண்ணெய் உறையாது என்பதால் மறுநாளும் மெத்தென்று இருக்கும். மாவைக் கோப்பையால் அளப்பதை விட்டு டிஜிட்டல் தராசுக்கு மாறியது நான் செய்த நல்ல மாற்றங்களில் ஒன்று. கோப்பையை அழுத்தி நிரப்பினால் ஒன்று, தளர நிரப்பினால் ஒன்று என்று ஒவ்வொரு முறையும் 20, 30 கிராம் வித்தியாசம் வந்துகொண்டிருந்தது.

கலக்கும்போது பொறுமை வேண்டும், அதே நேரத்தில் கையை அடக்கவும் வேண்டும். உலர்ந்தவை ஒரு பாத்திரத்தில், ஈரமானவை ஒரு பாத்திரத்தில். இரண்டையும் சேர்த்ததும் பன்னிரண்டு, பதினைந்து தடவை மடித்துக் கலந்தால் போதும். அங்கங்கே மாவுக் கோடு தெரியும்போதே ஆப்பிளைச் சேர்த்து இன்னும் நாலு சுற்று, அவ்வளவுதான். கட்டி கட்டியாக இருக்கிறதே என்று மேலும் கலக்கத் தோன்றும், வேண்டாம். கலக்கக் கலக்க மாவிலுள்ள குளூட்டன் வலுப்பெற்று, மஃபின் ரப்பர் போல ஆகும். வெட்டிப் பார்த்தால் உள்ளே கீழிருந்து மேலாக நீண்ட பொந்துகள் தெரியும். என் இரண்டாம் ஆண்டுக் குறிப்புகளில் "பொந்து" என்ற சொல் எட்டு இடங்களில் இருக்கிறது. கலந்த பிறகு அரை மணி நேரம் மூடி வைத்தால் மாவு ஈரத்தை உறிஞ்சிக் கெட்டியாகும், மஃபின் பக்கவாட்டில் வழியாமல் மேல்நோக்கி எழும்பும்.

ஓவனில் முதல் ஆறு நிமிடம் 220 டிகிரி செல்சியஸ், பிறகு கதவைத் திறக்காமல் 180-க்குக் குறைத்து இன்னும் 14 முதல் 16 நிமிடம். தொடக்கத்தில் கிடைக்கும் அந்தச் சூடுதான் மேல்பாகம் இறுகுவதற்கு முன்பே கலவையை உந்தி எழுப்புகிறது. இதைச் சரியாகச் செய்ய ஓவனுக்குள் வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று அவசியம். என் ஓவனின் திருகில் 180 என்று வைத்தால் உள்ளே 165-தான் இருக்கிறது என்று அது காட்டியபோது, இரண்டு ஆண்டு மனவருத்தத்துக்கு இன்னொரு காரணமும் கிடைத்தது. வெந்ததா என்று பார்க்கக் குச்சியால் குத்துவது ஆப்பிள் மஃபினில் ஏமாற்றும். குச்சி ஆப்பிள் துண்டில் பட்டால் ஈரமாகத்தான் வரும். விரலால் உச்சியை லேசாக அழுத்துங்கள், பஞ்சு போல உடனே திரும்பி எழ வேண்டும். உணவு வெப்பமானி இருந்தால் நடுப்பகுதியில் 96 டிகிரிக்கு மேல் காட்ட வேண்டும்.

ட்ரே பற்றி. முதலில் வாங்கியது கறுப்பு நிற நான்ஸ்டிக் ட்ரே. கழுவ எளிது. ஆனால் கறுப்பு உலோகம் வெப்பத்தை அதிகம் உறிஞ்சுவதால் உள்ளே வேகும் முன்பே அடி கருகும். ஒட்டிக்கொண்ட ஒன்றைக் கத்தியால் நெம்பி எடுத்தபோது பூச்சும் உரிந்துவிட்டது. இரண்டே சீசனில் அதை ஒதுக்கினேன். இடையில் சிலிக்கான் அச்சு ஒன்றை முயன்றேன். எடுப்பதற்கு வெகு சுலபம், ஆனால் பக்கங்கள் வெளிறியே இருந்தன, அந்த மெல்லிய பொன்னிற ஓடு வரவே இல்லை. நான்கு ஆண்டுகளாகப் பூச்சு இல்லாத, வெளிர் நிற அலுமினிய ட்ரேதான். கனமானது, எல்லாக் குழிகளும் ஒரே மாதிரி வேகின்றன. வெண்ணெய் தடவி மாவு தூவ வேண்டும் அல்லது பட்டர் பேப்பரில் சதுரம் வெட்டி வைக்க வேண்டும். கழுவும் இயந்திரத்தில் போட்டால் கறுத்துவிடும் என்பதால் கையால்தான் கழுவ வேண்டும். இந்தச் சிரமம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. வெந்ததும் ஐந்து நிமிடம் மட்டும் ட்ரேயில் இருக்கட்டும், பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் சொந்த ஆவியிலேயே அடி நனைந்துவிடும்.

நான்காம் ஆண்டில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். வழக்கமாகச் சேர்க்கும் அக்ரூட் (வால்நட்) தீர்ந்துபோனதால் சூரியகாந்தி விதையைப் போட்டேன். மறுநாள் காலை சின்னவள் ஒன்றைப் பிட்டுவிட்டு, "அம்மா, பூஞ்சை பிடித்திருக்கிறது" என்று பயந்துபோய்க் கொண்டுவந்து நீட்டினாள். ஒவ்வொரு விதையைச் சுற்றியும் பாசிப் பச்சை வளையம். அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டேன். பிறகுதான் தெரிந்துகொண்டேன்: அந்த விதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவின் காரத்தன்மையோடு சேர்ந்தால் பச்சையாகும், தின்பதால் கெடுதல் எதுவும் இல்லை. சோடாவைக் குறைத்து ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்தால் அந்தப் பச்சை பெரும்பாலும் தலைகாட்டாது. ஆனாலும் நான் அக்ரூட்டுக்கே திரும்பிவிட்டேன்.

வைத்திருப்பதைப் பொறுத்தவரை, முழுவதும் ஆறிய பிறகே டப்பாவில் அடுக்க வேண்டும். அடியிலும் மேலேயும் ஒரு காகிதத் துண்டு விரித்தால் உச்சி பிசுபிசுக்காது. வெளியில் இரண்டு நாள் நன்றாக இருக்கும். ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் சீக்கிரம் வறண்டு இறுகும், மாவுப்பொருள் அந்தக் குளிர்நிலையில்தான் மிக வேகமாகக் கெட்டிப்படுகிறது. மிச்சத்தை ஒவ்வொன்றாகச் சுற்றி நேராக ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன், இரண்டு மாதம் வரை சுவை குன்றவில்லை. வேண்டும்போது எடுத்து 160 டிகிரி ஓவனில் பன்னிரண்டு நிமிடம் வைத்தால், உச்சி மறுபடி மொறுமொறுப்பாகி, பட்டை வாசம் மீண்டும் எழும். போன இலையுதிர்காலத்தில் கடைசியாகச் செய்த ஈட்டில் நான்கு மஃபின்களை அப்படி எடுத்து வைத்திருந்தேன். மரங்களெல்லாம் மொட்டையாகி, நல்ல ஆப்பிள் கிடைப்பது நின்றுபோன ஒரு காலையில் சின்னவள் அவற்றைக் கண்டுபிடித்துவிட்டாள். பள்ளிக்குக் கிளம்பும்போது கையில் ஒன்றும் பையில் ஒன்றுமாக எடுத்துக்கொண்டு போனாள்.