பழைய சீகோவுக்குப் புது மெஷின்: மூன்றரை வருட அனுபவம்

சீகோ எஸ்கேஎக்ஸ்007 வாட்சை நான் வாங்கியது 2009இல். பன்னிரண்டு வருடம் வேறு வாட்சைத் தேடவே தோன்றவில்லை. 2021இல் அது தடுமாற ஆரம்பித்தது. ராத்திரி பத்து மணிக்குக் கழற்றி வைத்தால் விடியும்போது நின்றிருக்கும். உள்ளே இருந்த 7எஸ்26 மெஷினுக்கு அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நான் எண்ணெய் போட வைக்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

மெக்கானிக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இதை முழுசா பிரிச்சு, கழுவி, எண்ணெய் போடுற கூலிக்குப் புது மெஷினே வந்துரும் சார். என்எச்36 போட்டுக்கோங்க" என்றார். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றேன்.

பழைய 7எஸ்26, புதிய என்எச்36, இரண்டும் சீகோவின் ஒரே குடும்பம். இரண்டும் மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஆறு. இரண்டிலும் கிழமையும் தேதியும் உண்டு. கை அசைவில் சுழலும் எடைத் தகடான ரோட்டர் எந்தப் பக்கம் சுழன்றாலும் ஸ்பிரிங் ஏற வைக்கும் மேஜிக் லீவர், சீகோ 1959இல் கொண்டுவந்த ஏற்பாடு, இரண்டிலும் அதுதான். பழைய முட்கள் அப்படியே பொருந்தும். உராய்வைக் குறைக்க உள்ளே பதிக்கும் கற்கள் 7எஸ்26இல் 21, என்எச்36இல் 24. கையில் கட்டுபவருக்குத் தெரியும் வித்தியாசம் இரண்டுதான்: என்எச்36க்குக் கையால் சாவி கொடுக்கலாம், சாவியை, அதாவது பக்கவாட்டுக் குமிழை, வெளியே இழுத்தால் விநாடி முள் நிற்கும். சீகோ தன் சொந்த வாட்சுகளில் இதையே 4ஆர்36 என்ற பெயரில் போடுகிறது. 2019இல் எஸ்கேஎக்ஸின் இடத்துக்கு வந்த புதிய சீகோ 5 ஸ்போர்ட்ஸில் இருப்பதும் அந்த 4ஆர்36தான். அதனால் என் வாட்சுக்கு ஒவ்வாத எதையோ திணிக்கிறோம் என்ற உறுத்தல் எனக்கு இல்லை.

ஆனால் ஒரு சிக்கல் வந்தது. எஸ்கேஎக்ஸில் சாவி இருப்பது மூன்று மணிக்கு நேராக அல்ல, நாலு மணிப் பக்கம் கொஞ்சம் இறங்கி. தேதி ஜன்னலோ மூன்று மணியில். கடையிலிருந்து வந்த மெஷினின் தேதிச் சக்கரம், சாவி நேராக மூன்று மணியில் இருக்கும் வாட்சுக்கானது. டயலை வைத்துப் பார்த்தால் எண்கள் ஜன்னலில் சாய்ந்து நின்றன. மெக்கானிக் பதறவில்லை. பழைய மெஷினிலிருந்து தேதிச் சக்கரத்தையும் கிழமைச் சக்கரத்தையும் கழற்றிப் புதியதில் மாற்றினார். பிறகு தேதி 'டக்' என்று மாறும் வரை சாவியைத் திருப்பி, மாறிய அந்த நொடியில் மணி முள்ளையும் நிமிட முள்ளையும் சாமணத்தால் எடுத்துப் பன்னிரண்டுக்கு நேராக வைத்து அழுத்தினார். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றுவரை நள்ளிரவை ஒட்டியே தேதி மாறுகிறது.

இனி ஓட்டம். பழைய மெஷின் நன்றாக இருந்த காலத்தில் நாளுக்குப் பன்னிரண்டு விநாடி வேகமாக ஓடும். புதியது முதல் மாதத்தில் பதினெட்டு விநாடி ஓடியது! மனசு விட்டுப்போயிற்று. இந்த மெஷினுக்குச் சொல்லப்படும் வரம்பே நாளுக்கு 20 விநாடி குறைவிலிருந்து 40 விநாடி கூடுதல் வரை, ஆகவே குறை என்று சொல்ல முடியாது. மூடியைத் திறந்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை மயிரிழை நகர்த்திய பிறகு ஐந்து விநாடிக்கு வந்தது. இப்போது எட்டு. துல்லியத்துக்காக மட்டும் யாராவது இந்த மாற்றத்தைச் செய்ய நினைத்தால், வேண்டாம் என்பேன். நல்ல நிலையில் இருக்கும் 7எஸ்26ஐச் சரிபார்த்தாலே அந்தப் பலன் கிடைத்துவிடும்.

எனக்கு உண்மையான சந்தோஷம் விநாடி முள் நிற்பதில்தான். முன்பெல்லாம் நேரம் வைக்கும்போது விநாடி முள் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இப்போது பன்னிரண்டில் நிறுத்தி, போனில் விநாடி பூஜ்யமாகும்போது சாவியை உள்ளே தள்ளினால் இரண்டும் ஒன்றாகக் கிளம்புகின்றன. மாதம் ஒருமுறை இதைச் செய்கிறேன், அலுக்கவே இல்லை.

சாவி கொடுக்கும் வசதி பாதிதான் பயன்படுகிறது. இது தண்ணீரில் மூழ்குபவர்களுக்கான டைவர் வாட்ச். சாவியை மறை கழற்றித்தான் தொட முடியும். தினமும் கழற்றி மாட்டினால் மறை தேயும். அதனால் நின்றுபோன நாளில் மட்டும்தான். வெள்ளி இரவு கழற்றி வைத்தால், முழுதாக ஏறிய ஸ்பிரிங்கின் 41 மணி நேர இருப்பில் ஞாயிறு மத்தியானம் போல நின்றுவிடும். திங்கள் காலை இருபது சுற்று கொடுத்து, நேரம் வைத்துக் கட்டிக்கொள்கிறேன். முன்பு போலக் குலுக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மெஷின் வாங்கும் முன் உங்கள் வாட்சில் சாவி எந்தப் பக்கம் என்று பார்த்து, அதற்கேற்ற தேதிச் சக்கரம் கேளுங்கள். மூடியைத் திறக்கும்போதே ரப்பர் வளையத்தையும் மாற்றச் சொல்லுங்கள். நான் மாற்றினேன், ஆனால் தண்ணீர் அழுத்தச் சோதனை செய்யவில்லை. அது முடியும் வரை இந்த வாட்சோடு குளத்தில் இறங்குவதாக இல்லை.

பழைய 7எஸ்26 ஒரு சின்ன டப்பாவில் இருக்கிறது. அடுத்த சர்வீஸுக்குப் போகும்போது அதையும் கொண்டுபோய்க் கழுவி எண்ணெய் போடக் கொடுக்கப் போகிறேன்.