இல் ஓ எக்ரெத் தீவு: வழிகாட்டிக்காகவே ஒருமுறை போய் வாருங்கள்

மொரீசியஸில் மாஹேபூர் பக்கம் போகிறவர்கள் இந்தத் தீவை விட்டுவிடாதீர்கள். புவான்த் ஜெரோமில் படகு ஏறினால் கொஞ்ச நேரத்தில் அக்கரை. மொரீசியஸ் வனவுயிர் அறக்கட்டளை பராமரிக்கும் சின்னக் காடு இது. வழிகாட்டியோடுதான் சுற்ற வேண்டும், அது நல்லதுதான்.

1990 வாக்கில் காட்டில் பத்துப் பறவை அளவுக்குக் குறைந்துபோன இளஞ்சிவப்புப் புறா, கருங்காலி மரங்கள், ஆல்டாப்ரா பேராமைகள் எல்லாம் உண்டு. சென்னையிலிருந்து வந்த அத்தைக்கு, தடவிக்கொடுத்தால் கழுத்தை நீட்டி நிற்கும் ஆமைதான் பிடித்தது. எனக்கு வாகாஷியோ என்ற கப்பலின் கதை.

2020 ஜூலை 25 அன்று அந்தக் கப்பல் புவான்த் தெஸ்னி பவளத்திட்டில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6 அன்று எண்ணெய் கசியத் தொடங்கி, கிட்டத்தட்ட 1,000 டன் கடலில் கலந்தது. அதுவரை கப்பலிலிருந்த எண்ணெயை ஏன் இறைக்காமல் விட்டார்கள் என்ற ஆத்திரம் இங்கே இன்னும் ஆறவில்லை. அதிகாரிகளிடம் விட்டுவிடுங்கள் என்று அரசு அறிவித்தும் கேட்காமல், சனங்கள் கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்துத் தைத்து, காலி பாட்டில்களைக் கட்டி, கடலில் மிதவைத் தடுப்புப் போட்டார்கள். எங்கள் வழிகாட்டியும் அப்போது அந்தக் கூட்டத்தில் நின்றவர். சோகை எண்ணெயைப் பிடித்தது என்றும் சொன்னார், ஊறிக் கனத்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று திணறினோம், நெடியில் பலருக்குத் தலைவலி வந்தது என்றும் மறைக்காமல் சொன்னார். நாற்றங்காலைக் காட்டி, இங்கிருந்த ஆயிரக்கணக்கான கன்றுகளை அவசரமாக அக்கரைக்கு ஏற்றிய கதையையும் சொன்னார்.

கசிந்தது கந்தகம் குறைத்த புது வகைக் கப்பல் எண்ணெய், கடலில் கொட்டினால் நாளடைவில் என்ன ஆகும் என்று அப்போது விஞ்ஞானிகளுக்கே தெளிவில்லை. அப்புறம் அந்த ஆகஸ்ட் கடைசியில் ஓங்கில்கள் (டால்பின்கள்) செத்து ஒதுங்கியபோது யார் என்ன விளக்கம் சொன்னாலும் சனங்கள் நம்பத் தயாராக இல்லை. இப்போது கண்டல் (அலையாத்தி) காட்டு வேரடியில் எண்ணெய் இருக்கிறதா என்று என் தம்பி மகன் கேட்டான். "மேலே சுத்தமாகத் தெரிகிறது தம்பி, சேற்றுக்கு அடியில் எப்படியென்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் வழிகாட்டி. அன்றைக்கு மைக் பிடித்துப் பேசியவர்கள் இப்படிப் பேசியிருந்தால் ஊர் கேட்டிருக்கும்.

கிரியோல், பிரெஞ்சு, ஆங்கிலத்தில்தான் விளக்குவார்கள், பெரியவர்களுக்குக் கூட இருப்பவர் தமிழில் சொல்ல வேண்டிவரும். கொசு அதிகம், பாறை கூராக இருக்கும், மூடிய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். முன்பதிவு செய்துவிட்டுக் காலையிலேயே போய்விடுங்கள்.